டார்வினை ஏற்றிச் சென்றவர்... புயல் கூண்டை ஏற்றியவர்! யார் இந்த கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்?

வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டால் போதும், நாகை, கடலூர், பாம்பன், தூத்துக்குடி என்று ஒவ்வொரு துறைமுகமாக 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாக டிவியில் பிரேக்கிங் ஓட ஆரம்பித்துவிடும். நிலைமை மோசமானால் 2, 3 என்று எண்ணும் ஏறும். கரையில் இருக்கும் மீனவருக்கு அந்த ஒரு எண்ணே போதும். படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டிவிட்டுத்தான் மறுவேலை.

சரி, கம்பத்தில் ஒரு கூண்டைத் தொங்கவிட்டு கடலோரத்தையே எச்சரிக்கும் இந்த ஐடியா எங்கிருந்து வந்தது? தேடிப்போனால் அந்த வழி 19-ம் நூற்றாண்டின் ஒரு பாய்மரக் கப்பல் கேப்டனிடம் போய் நிற்கிறது. பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு உலகைச் சுற்றிய பீகிள் கப்பலின் கேப்டன் இவர்தான். அந்தப் பயணம் பாடப்புத்தகத்திலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு இவர் செய்த வேலையும், அதற்காக வாங்கிய கேலியும், கடைசியில் நேர்ந்த முடிவும் அவ்வளவாகப் பேசப்படவில்லை.

ராஜ வம்சம்... 12 வயதில் கடற்படைப் பள்ளி

1805 ஜூலை 5-ம் தேதி இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தார் ஃபிட்ஸ்ராய். அந்தக் குடும்பப் பெயருக்கே அரசனின் மகன் என்றுதான் அர்த்தம். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு முறைப்படியான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் வழியில் வந்த குடும்பம் அது. 5 வயதில் தாயை இழந்தார். 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1824-ல் லெப்டினன்ட் பதவிக்கான தேர்வில் முழு மதிப்பெண். அதுவரை யாரும் அப்படி எடுத்ததில்லை.

23 வயதிலேயே கேப்டன் பதவி தேடி வந்தது. ஆனால் வந்த விதம்தான் கொடுமை. தென் அமெரிக்காவின் தென்கோடியில், மழையும் குளிரும் விடாத மகெல்லன் நீரிணைப் பகுதியில் கடல் வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தது பீகிள். அதன் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், தனிமையும் மன அழுத்தமும் தாங்காமல் 1828-ல் தற்கொலை செய்துகொண்டார். அந்த இடத்துக்குத்தான் ஃபிட்ஸ்ராய் அனுப்பப்பட்டார். அவருடைய தாய் வழியிலும் இப்படி ஒரு துயரம் உண்டு. பிரிட்டனின் வெளியுறவு அமைச்சராக இருந்த மாமா காஸல்ரே பிரபு, 1822-ல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது ஃபிட்ஸ்ராய்க்கு 17 வயது. அந்த நிழல் அவரைக் கடைசி வரை விடவில்லை.

பாரோமீட்டர் சொன்னது... கேப்டன் கேட்கவில்லை

பீகிள் கைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. 1829 ஜனவரி. உருகுவேயின் மால்டொனாடோ அருகே கப்பல் போய்க்கொண்டிருந்தது. பாரோமீட்டரில் காற்றழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. இளம் கேப்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திடீரென்று, பாம்பாஸ் சமவெளியிலிருந்து கடலுக்குள் பாயும் பாம்பெரோ என்ற சூறைக்காற்று அடித்தது. பாய்மரங்கள் முறிந்தன, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒருவழியாக நிமிர்ந்துவிட்டாலும், இரண்டு மாலுமிகள் கடலோடு போய்விட்டார்கள்.

கருவி முன்கூட்டியே சொல்லியும் தான் கேட்கவில்லையே என்ற உறுத்தல் அவருக்கு. அதன்பிறகு பாரோமீட்டரைப் பார்க்காமல் அவர் ஒரு முடிவும் எடுத்ததில்லை எனும் அளவுக்கு மாறிப்போனார். பிற்காலத்தில் பிரிட்டன் கடலோரம் முழுக்க அந்தக் கருவியை மாட்டவைக்க அவர் பட்ட பாட்டுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

அழியாத கறை

ஃபிட்ஸ்ராயின் கதையில் நியாயப்படுத்த முடியாத பக்கம் ஒன்றும் உண்டு. 1830-ல் டியர்ரா டெல் ஃபியூகோ தீவுகளில் அவருடைய படகு ஒன்றை உள்ளூர் மக்கள் எடுத்துப் போய்விட்டார்கள். படகை மீட்பதற்காக அங்கிருந்தவர்களைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தார். படகு கிடைக்கவில்லை. கடைசியில் நான்கு பேரை இங்கிலாந்துக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். அதில் ஒரு சிறுமியும் உண்டு. ஆங்கிலமும் கிறிஸ்தவமும் கற்றுக்கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து விட்டால் அந்த நாடே திருந்தும் என்பது அவர் போட்ட கணக்கு. யாரும் அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. மாலுமிகள் வைத்த பெயர்களே அவர்களுக்கு நிலைத்தன. ஒரு பட்டனைக் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்ட சிறுவனுக்கு ஜெம்மி பட்டன் என்று பெயர்!

நால்வரில் ஒருவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே பெரியம்மையில் இறந்தார். மற்ற மூவரும் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள், மன்னர் நான்காம் வில்லியம் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். அவர்களை ஊருக்குத் திருப்பி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார் ஃபிட்ஸ்ராய். கடற்படை கைவிரித்தபோது, சொந்தக் காசில் கப்பல் அமர்த்தவும் தயாரானார். பிறகு செல்வாக்குள்ள உறவினர்கள் தலையிட்ட பிறகுதான் பீகிள் மறுபடி கிடைத்தது. அதாவது, டார்வினின் புகழ்பெற்ற அந்தப் பயணம் நடந்ததற்கு இந்த ஆள்கடத்தலும் ஒரு காரணம்.

மூக்கைப் பார்த்து இன்டர்வியூ!

கப்பலில் கேப்டன் என்பவர் தனி ஆள். சட்டதிட்டம் காரணமாக யாருடனும் நெருங்கிப் பழக முடியாது. ஸ்டோக்ஸுக்கும் மாமாவுக்கும் நேர்ந்தது தனக்கும் நேர்ந்துவிடுமோ என்ற பயம் ஃபிட்ஸ்ராய்க்கு இருந்தது. அதனால் உட்கார்ந்து சாப்பிடவும் பேசவும் படித்த துணை ஒன்றைத் தேடினார். அப்படி வந்தவர்தான் 22 வயது டார்வின். முகத்தை வைத்தே குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நம்பியவர் கேப்டன். டார்வினின் மூக்கைப் பார்த்ததும், இவ்வளவு நீண்ட பயணத்துக்கு இந்த ஆள் தாங்கமாட்டார் என்று நினைத்துவிட்டார். நல்லவேளை, பேசிப் பார்த்ததும் மனம் மாறியது.

1831 டிசம்பர் 27-ம் தேதி பிளைமவுத்தில் இருந்து கிளம்பியது கப்பல். நீளம் சுமார் 27 மீட்டர்தான். அதற்குள் 70-க்கும் மேற்பட்ட மனிதர்கள், 22 குரோனோமீட்டர்கள். உலகத்தைச் சுற்றி தீர்க்கரேகை அளக்க அந்தத் துல்லியமான கடிகாரங்கள் தேவை. அவற்றில் சிலவற்றை ஃபிட்ஸ்ராய் தன் சொந்தப் பணத்தில் வாங்கினார். காற்றின் வலிமையை 0 முதல் 12 வரை அளக்கும் போஃபர்ட் அளவுகோல், அதிகாரபூர்வமாக முதலில் பயன்படுத்தப்பட்டதும் இந்தப் பயணத்தில்தான்.

இரண்டு வருஷத்தில் முடியவேண்டிய பயணம் ஏறக்குறைய ஐந்து வருஷம் நீண்டது. கேப்டனுக்குக் கோபம் வந்தால் கப்பலே நடுங்கும். அன்றைக்குக் காலையில் அவர் மூட் எப்படி என்பதைத் தெரிந்துகொள்ள, சூடான காபி எவ்வளவு ஊற்றப்பட்டது என்று அதிகாரிகள் தங்களுக்குள் விசாரித்துக்கொள்வார்களாம். பிரேசிலில் அடிமை முறை பற்றிய வாக்குவாதத்தில் டார்வினையே வெளியே போகச் சொல்லிவிட்டார். சில மணி நேரத்தில் அவரே மன்னிப்பும் கேட்டார். டார்வினின் சிந்தனையைப் புரட்டிப் போட்ட சார்லஸ் லயலின் புவியியல் நூலின் முதல் பாகத்தை அவர் கையில் கொடுத்ததும் இதே கேப்டன்தான்.

கடல் விஷயத்தில் இந்தக் கோபக்காரரை மிஞ்ச ஆளில்லை. 1833 ஜனவரியில் ஹார்ன் முனை அருகே மலைபோல் எழுந்த அலையில் பீகிள் கவிழும் நிலைக்குப் போய், கடைசி நொடியில் நிமிர்ந்தது. அதே மாதம் ஜெம்மி பட்டனையும் மற்ற இருவரையும் அவர்கள் மண்ணில் இறக்கிவிட்டார். ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், கோட்டு சூட்டு பளபளக்கும் ஷூ எல்லாம் போய், மெலிந்த உடம்போடு தன் மக்களில் ஒருவனாக ஜெம்மி நின்றான். இங்கிலாந்துக்குத் திரும்ப வரும் எண்ணம் அவனுக்கு இல்லை. கேப்டன் போட்ட கணக்கு அங்கேயே முடிந்தது.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சொந்தப் பணத்தில் இன்னொரு கப்பலையும் வாங்கியிருந்தார். கடற்படைத் தலைமை அதை ஏற்கவில்லை. விற்கவேண்டி வந்தது. 1834 கடைசியில் சிலியின் வால்பரைசோவில் மனமுடைந்து, கேப்டன் பதவியே வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டார். உடனிருந்தவர்கள் பேசித்தான் மனதை மாற்றினார்கள். மாற்றாமல் இருந்திருந்தால் பீகிள் காலபாகஸ் தீவுகளுக்கே போயிருக்குமா என்பது சந்தேகம்தான்!

1836 அக்டோபர் 2-ம் தேதி ஃபால்மவுத் வந்து சேர்ந்தது கப்பல். அவர் தயாரித்த வரைபடங்களை நம்பி மாலுமிகள் பல பத்தாண்டுகள் தென் அமெரிக்கக் கடலில் கப்பல் ஓட்டினார்கள். ராயல் புவியியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1839-ல் பயணத்தைப் பற்றிய புத்தகங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஆனால் மக்கள் தேடிப் படித்தது டார்வின் எழுதிய பாகத்தைத்தான்.

அரசியல் சரிப்படவில்லை

1841-ல் எம்.பி. ஆனார். 1843-ல் நியூசிலாந்து கவர்னர். அவர் போய் இறங்கும்போது கஜானா காலி. வைராவ் என்ற இடத்தில் நிலத் தகராறில் 22 ஐரோப்பியர்கள் மாவோரி மக்களால் கொல்லப்பட்டு, குடியேறிகள் கொதித்துக் கிடந்த நேரம். விசாரித்த ஃபிட்ஸ்ராய், தங்களுக்குச் சொந்தமாகாத நிலத்தில் போய் வம்பு செய்தது குடியேறிகள்தான் என்று சொல்லிவிட்டார். ஒரு பிரிட்டிஷ் கவர்னர் அந்தக் காலத்தில் இப்படிச் சொன்னது சாதாரண விஷயமில்லை. விளைவு, 1845-ல் திருப்பி அழைக்கப்பட்டார். 1850-ல் கடற்படைப் பணியிலிருந்தும் விலகிக்கொண்டார். 1852-ல் மனைவி மேரி இறந்தார்.

மூன்று பேர் கொண்ட வானிலைத் துறை

1854-ல் பிரிட்டன் அரசின் வர்த்தக வாரியத்தில் வானிலைக்கென ஒரு சின்னப் பிரிவு தொடங்கப்பட்டு, ஃபிட்ஸ்ராய் அதன் தலைவரானார். அவருக்குக் கீழே மூன்றே பேர். இன்றைக்கு மெட் ஆபீஸ் என்று அழைக்கப்படும் பிரிட்டன் வானிலை மையத்தின் ஆரம்பம் இதுதான். கப்பல் கேப்டன்களிடம் இருந்து காற்று, அழுத்தம், வெப்பநிலைத் தகவல்களை வாங்கி அட்டவணை போடுவது மட்டுமே கொடுக்கப்பட்ட வேலை. நாளைக்கு என்ன நடக்கும் என்று சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

ஆனா அவர் சும்மா இருக்கவில்லை. மீனவர் துறைமுகங்களுக்கு உறுதியான, எளிதாகப் படிக்கக்கூடிய பாரோமீட்டர்களை அனுப்ப ஏற்பாடு செய்தார். வசதியில்லாத ஊர்களுக்கு அரசு செலவிலேயே போனது. கடலுக்குப் போகும் முன் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்பதுதான் விஷயம்.

1859 அக்டோபர் 25 இரவு. மெல்போர்னில் இருந்து தங்கத்தோடும் பயணிகளோடும் வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் கப்பல், லிவர்பூலை நெருங்கும் நேரத்தில் பெரும்புயலில் சிக்கியது. மறுநாள் அதிகாலை வேல்ஸின் ஆங்கிள்சி தீவுக் கரையில், நிலத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே பாறையில் மோதி உடைந்தது. சுமார் 450 பேர் பலி. அந்த ஒரு புயலில் மட்டும் பிரிட்டன் கடலோரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் மூழ்கின. செத்தவர்கள் எண்ணிக்கை 800 அளவில்.

தகவல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்த ஃபிட்ஸ்ராய்க்கு ஒன்று தெளிவானது. புயல் நகர்கிறது. தந்தி அதைவிட வேகமாக நகர்கிறது. ஒரு ஊரில் காற்றழுத்தம் விழும்போதே தந்தி அடித்துவிட்டால், அடுத்த ஊருக்குப் புயலுக்கு முன்னால் செய்தி போய்விடும். இதே யோசனையில் ஹாலந்து 1860-லேயே புயல் எச்சரிக்கையைத் தொடங்கிவிட்டது. பிரிட்டனில் ஃபிட்ஸ்ராயின் முதல் எச்சரிக்கை 1861 பிப்ரவரியில் போனது.

கூண்டு எப்படிப் பேசும்?

தந்தி துறைமுகம் வரைதான் வரும். கடலில் இருக்கும் படகுக்கு யார் சொல்வது? அதற்குத்தான் இந்தக் கூண்டு. துணியால் செய்த கூம்பும் உருளையும் துறைமுகக் கம்பத்தில் ஏற்றப்பட்டன. கூம்பின் முனை மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து பலத்த காற்று, கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து. உருளை மட்டும் தொங்கினால் காற்று திசை மாறி மாறி அடிக்கும். இரண்டும் சேர்ந்து தொங்கினால் ஆபத்து, கடுமையான புயல். இரவில் இவற்றுக்குப் பதில் விளக்குகள். எழுதப் படிக்கத் தெரியாத மீனவரும் தூரத்தில் இருந்தே புரிந்துகொள்ளலாம். பட்டம் பதவி பார்க்காத டிசைன் என்றால் அது இதுதான்.

அதே வருஷம் ஆகஸ்ட் 1-ம் தேதி, லண்டனின் டைம்ஸ் நாளிதழில் பொதுமக்களுக்கான முதல் வானிலை முன்னறிவிப்பு வந்தது. வடக்கு, மேற்கு, தெற்கு மூன்றுக்கும் நல்ல வானிலை என்று சில வரிகள். ஜோசியம், ஆரூடம் என்ற வாடை வரக்கூடாது என்பதற்காக, ஃபோர்காஸ்ட் என்ற சொல்லை அவர் தேர்ந்தெடுத்தார். இன்றைக்கு உலகம் முழுக்கப் புழங்கும் வார்த்தை.

மீம்ஸ் இல்லாத காலத்து கேலி

வானிலை மையம் மழை என்று சொல்லி வெயில் அடித்தால் இன்றைக்கு என்ன நடக்கும்? மீம்ஸ் பறக்கும். அன்றைக்குப் பத்திரிகைகளும் எம்.பி.க்களும் அந்த வேலையைச் செய்தார்கள். அவருடைய அறிவிப்பை வெளியிட்ட டைம்ஸே ஒரு கட்டத்தில் அவரைக் குத்திக்காட்டி எழுதியது. விஞ்ஞானிகளுக்கு இன்னொரு கோபம். கணிதமும் நிரூபிக்கப்பட்ட விதிகளும் இல்லாமல், அனுபவத்தை வைத்துச் சொல்வது அறிவியலே இல்லை என்றார்கள். மீன்பிடிப் படகுகளின் முதலாளிகளுக்கோ வேறு கணக்கு. கூண்டு ஏறினால் படகு கரையில் நிற்கும், படகு நின்றால் அன்றைய வருமானம் போச்சு.

தவறு நடந்தது உண்மைதான். ஆனால் ஏன் நடந்தது? பிரிட்டனுக்குப் பெரும்பாலான புயல்கள் மேற்கே அட்லாண்டிக் கடலில் இருந்துதான் வரும். அங்கே தந்தி நிலையம் ஏது? சாட்டிலைட் இல்லை, ரேடார் இல்லை. கரையைத் தொடும் வரை புயல் வருவதே தெரியாது. கண்ணைக் கட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. அப்படியிருந்தும் சரியாகப் போன எச்சரிக்கைகள் நிறைய. ஆனால் கரையிலேயே நின்று பிழைத்த படகு செய்தியாகாது அல்லவா?

இன்னொரு வலியும் உள்ளுக்குள் இருந்தது. ராயல் சார்ட்டர் மூழ்கிய அடுத்த மாதமே டார்வினின் பரிணாமக் கொள்கை நூல் வெளிவந்தது. இதற்குள் பைபிளில் ஆழ்ந்த நம்பிக்கை கொண்டவராகிவிட்ட ஃபிட்ஸ்ராய்க்கு, அந்தக் கொள்கைக்கு வழிவிட்டதே தன் கப்பல்தான் என்ற எண்ணம் தாங்க முடியாததாக இருந்தது. 1860 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பிரபலமான பரிணாம விவாதத்தின்போது, பைபிளைத் தூக்கிப் பிடித்தபடி எழுந்து நின்றார். புயல்கள் பற்றிக் கட்டுரை வாசிக்கத்தான் அவர் அங்கே வந்திருந்தார். கூட்டம் அவரைப் பொருட்படுத்தவில்லை.

வேலைப்பளு, கேலி, மங்கிவந்த காது, கூடவே வந்த மனச்சோர்வு. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனுக்குத் தெற்கே அப்பர் நார்வுட் வீட்டில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் ஃபிட்ஸ்ராய். அப்போது அவர் வைஸ் அட்மிரல். வயது 59.

மீண்டும் ஏறிய கூண்டு

இறந்த பிறகுதான் வீட்டு நிலவரம் வெளியே தெரிந்தது. பரம்பரைச் சொத்து முழுவதையும் கப்பல், கருவி, பொதுவேலை என்றே கரைத்திருந்தார். மிச்சம் இருந்தது கடன். நண்பர்கள் நிதி திரட்டினார்கள். கொள்கையில் எதிரெதிராக நின்ற டார்வின் 100 பவுண்ட் கொடுத்தார். விக்டோரியா மகாராணி, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வளாகத்தில் குடும்பத்துக்குத் தங்க இடம் கொடுத்தார்.

அவருடைய வேலையை ஆராய ஃபிரான்சிஸ் கால்டன் தலைமையில் ஒரு குழு போடப்பட்டது. இந்த கால்டன் டார்வினின் உறவினர்தான். முன்னறிவிப்புக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது குழு. 1866-ல் பத்திரிகை முன்னறிவிப்பும் போச்சு, துறைமுகக் கூண்டும் இறங்கியது.

இங்கேதான் திருப்பம். நிபுணர்கள் வேண்டாம் என்று சொன்னதை, கடலுக்குப் போகிறவர்கள் திரும்பக் கேட்டார்கள். மாலுமிகள், மீனவர்கள், துறைமுக ஊர்கள் என்று எதிர்ப்பு கிளம்ப, 1867-லேயே புயல் எச்சரிக்கைகள் மீண்டும் வந்துவிட்டன. பொதுமக்களுக்கான முன்னறிவிப்பு திரும்ப 1879 ஆனது.

இந்தியாவில் 1864 அக்டோபரில் கல்கத்தாவை ஒரு புயல் புரட்டிப் போட்டு, பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதையடுத்து கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது 1865-ல், ஃபிட்ஸ்ராய் இறந்த அதே வருஷம். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ல் உருவானது. 1 முதல் 11 வரை எண் கொண்ட இன்றைய முறை அவருடையது அல்ல. ஆனால் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் என்ற அந்த மொழி அவர் காலத்தில் பேசத் தொடங்கியதுதான்.

பிரிட்டனில் ஸ்காட்லாந்து முதல் தெற்குக் கரை வரை சில பழைய மீன்பிடி ஊர்களில், கல் கூட்டுக்குள் பதித்த பாரோமீட்டர்களை இன்றைக்கும் பார்க்கலாம். எக்ஸிடர் நகரில் மெட் ஆபீஸ் தலைமையகம் இருக்கும் சாலைக்கு ஃபிட்ஸ்ராய் ரோடு என்று பெயர். பிபிசி வானொலியில் தினமும் வாசிக்கப்படும் கடல் வானிலை அறிக்கையில் ஃபினிஸ்டெர் என்றொரு கடல் பகுதி இருந்தது. அதே பெயரை ஸ்பெயினும் வேறொரு பகுதிக்குப் பயன்படுத்தியதால், 2002 பிப்ரவரியில் அது மாற்றப்பட்டது. அந்த அறிக்கையில் ஒரு மனிதருடைய பெயர் கொண்ட ஒரே கடல் பகுதி இப்போது அதுதான்: ஃபிட்ஸ்ராய்.